கொடுப்பதிலும் விவேகம்

2018 ஆகஸ்ட் மாதம் பெருவெள்ளம் கேரளத்தைச் சூழ்ந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வெள்ளப் பகுதிகளுக்கு விரைந்தனர். முந்தைய ஆண்டுதான் ஒக்கிப் புயல் அக்கடற்கரையின் பல குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியிருந்தது. எனினும் அவர்கள் தயங்கவில்லை. நீரில் சிக்கியவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்கவுமில்லை. ஆனால் மதில்கள் எங்கே மூழ்கிக் கிடக்கின்றன, பாதை எது என்பதை உள்ளூர் மக்களிடம் கேட்டறிந்தே படகைச் செலுத்தினர். யார் என்று கேளாதது அன்பு. வழி எது என்று கேட்டது விவேகம். இரண்டும் சேர்ந்தே உயிர்களைக் கரைசேர்த்தன.

களத்திற்குச் செல்ல இயலாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே பொருளுதவி செய்தனர். இணையம் வழியாகவும் வங்கிகள் வழியாகவும் முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்கு வந்த தொகை, அம்மாத இறுதிக்குள் 1,000 கோடி ரூபாயைக் கடந்தது. ஆனால் ஈரநெஞ்சம் உள்ள இடத்தை வஞ்சகமும் தேடி வருகிறது. 2020 மார்ச்சில் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கிய சில நாட்களிலேயே, அதன் இணையவழிப் பண முகவரியைப் போன்ற போலி முகவரி ஒன்று உலவியது. உண்மையான முகவரிக்கும் அதற்கும் ஓர் எழுத்தே வேறுபாடு.

“நல்லெண்ணத்துடன் கொடுத்தாயிற்று, ஏமாற்றியவனுக்கே பாவம்” என்று கூறிக் கொடுத்தவர் அமைதி கொள்ளலாமா? அவருடைய எண்ணம் தூயதே. ஆயினும் பசித்தவனின் இலை வெறுமையாகவே இருக்கிறது. கொடுப்பதென்று உள்ளத்தில் உறுதிகொண்ட கணமே அப்பொருள் பிறருடையதாகிவிடுகிறது. உரியவரிடம் சேரும்வரை கொடுப்பவர் அதன் காவலரே. கீதையின் பதினேழாம் அத்தியாயம், இடமும் காலமும் பெறுபவரின் தகுதியும் பொருந்திய தானத்தையே சாத்விகம் என்பதன் கருத்தும் இதுவே.

இக்காவலுக்குச் சில நெறிகள் உண்டு. பிறர் அனுப்பிய இணைப்பைத் தொடாமல் நிறுவனத்தின் இணையதள முகவரியைத் தாமே தட்டச்சு செய்தல் வேண்டும். பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரைப் படித்தல் வேண்டும். ரகசிய எண் பணம் செலுத்துவதற்கே. பெறுவதற்கு அது தேவையில்லை. ரசீது கேட்டுப் பெறுதல் அவநம்பிக்கையன்று, ஒழுங்கு. 2017-இன் நிதிச் சட்டம், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகையை விலக்கியதும், கொடையின் தடம் கணக்கில் தெரிய உதவுகிறது.

பெறும் நிறுவனத்துக்கோ பொறுப்பு இன்னும் பெரிது. எதற்கென்று கேட்டதோ அதற்கே செலவிடுதல், கணக்கை மறைக்காதிருத்தல், நன்கொடையாளரின் விவரங்களைப் பிறர் கைக்குக் கொடாதிருத்தல் ஆகியவை சட்டத்துக்காக மட்டும் செய்பவையல்ல. முகமறியா ஒருவர் வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை.

மறுபுறம் ஓர் ஆபத்தும் உண்டு. “எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்” என்று சொல்லி ஒன்றும் கொடாதிருப்பவரும் உளர். அது விவேகமன்று, விவேகத்தின் ஆடையை உடுத்திய உலோபம். மூழ்கிய மதில்களுக்கு அஞ்சி விழிஞ்ஞம் மீனவர்கள் கரையிலேயே நின்றிருந்தால் எத்தனை உயிர்கள் போயிருக்கும்! அவர்கள் வழி கேட்டது நிற்பதற்கன்று, சென்று சேர்வதற்கே.