சந்தேகமும் ஒரு ரகசியம்தான்

ஒரு சிற்றூர் வங்கிக் கிளை. கணவனால் கைவிடப்பட்டோருக்கான உதவித்தொகை வாங்கும் ஒரு பெண்ணின் கணக்கைக் காசாளர் பார்க்கிறார். அரசு போட்ட தொகைக்கு அடுத்த வரியில், நான்கு மாதமாக, துபாயிலிருந்து ஓர் ஆணின் பெயரில் பணம் வந்திருக்கிறது. கணக்குத் தொடங்கியபோது கணவர் பெயர் என்று எழுதிக் கொடுத்ததும் அதே பெயர். காசாளருக்கும் அதே ஊர்தான். இதே உதவித்தொகைக்காக இரண்டு வருடமாகத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கும் இன்னொரு பெண்ணையும் அவருக்குத் தெரியும். அவர் என்ன செய்ய வேண்டும்?

காட்சி கற்பனைதான். ஆனால் இதன் சாயலில் ஏதாவது ஒன்று ரேஷன் கடையிலும் இ-சேவை மையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அன்றாடம் நேர்கிறது. உதவி கேட்டு வருபவர் தன் வீட்டையே திறந்து காட்ட வேண்டியிருக்கிறது: வருமானம், நிலம், நோய், பிரிந்து போன புருஷன். மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடக் கூடாது என்று நிபந்தனை வைத்தபோது, வீட்டு மீட்டர்கூட சாட்சிக் கூண்டில் ஏறியது. வசதி உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையை இவ்வளவு பேரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஏழையின் ரகசியத்துக்குக் காவலாளிகள் அதிகம்; கசியும் ஓட்டைகளும் அதனால் அதிகம்.

காசாளரின் மனக்குடைச்சலை லேசாக எண்ணிவிட முடியாது. பொதுப்பணம் வற்றாத ஊருணி அல்ல. தகுதியில்லாத ஒருவர் மொண்டால் தகுதியுள்ள ஒருவரின் குடம் காலியாக நிற்கும். அதைக் கண்ணால் பார்ப்பவர் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கமா, உடந்தையா?

நம் ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு; இரண்டும் சரியில்லை. ஒன்று, ‘நமக்கேன் வம்பு.’ மற்றது, மொட்டைக் கடிதாசி. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். உளவுக்கும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். முன்னது அறத்துப்பாலில், பின்னது பொருட்பாலில். அரசு தகவல் அறிந்தே ஆக வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போன பிறகே நம்பச் சொல்கிறார். உளவாளிக்குப் போட்ட இந்தக் கட்டுப்பாடு டீக்கடை பெஞ்சுக்கு இல்லை. அங்கே முதலில் வந்த சொல்தான் தீர்ப்பு.

வங்கி ரகசியம் பற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஒரு வழக்கு, சந்தேகத்தைப் பற்றிய வழக்கு என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1920-களில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த டூர்னியர் வழக்கு அது. டூர்னியர் என்ற வாடிக்கையாளர் வங்கிக்குத் தர வேண்டியிருந்தது பத்து பவுண்டுக்கும் குறைவு. அவருக்கு வந்த காசோலை ஒன்று பந்தயத் தரகர் கைக்குப் போயிருந்ததை மேலாளர் கண்டுபிடித்தார். டூர்னியரின் முகவரி கேட்பதற்காக அவருடைய முதலாளிக்குப் போன் போட்டவர், கடன் பாக்கியையும், ஆள் சூதாடுகிறார் போலிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். டூர்னியரின் வேலை போயிற்று. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை என்று சொன்ன நீதிமன்றம் நான்கு விலக்குகளை வைத்தது: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்களுக்கான கடமை குறுக்கிட்டால், வங்கியின் சொந்த நலன் கோரினால், வாடிக்கையாளரே சம்மதித்தால். மேலாளர் சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் முதலாளியிடம் போய்ச் சொல்ல அவருக்கு இடமில்லை.

ஒருவரைப் பற்றி எழும் சந்தேகமும் அவருடைய சொந்தத் தகவல்தான். நோயைப் போல, கடனைப் போல அதற்கும் காப்பு வேண்டும்; சொல்லப்போனால் கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் அது பொய்யாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரையின் கட்சி இதுதான்.

இதை மறந்த அரசுகள் என்ன ஆயின என்பதற்கு நெதர்லாந்து போதும். மோசடி செய்யக்கூடும் என்று நினைத்தவர்களின் பட்டியல் ஒன்றை அங்கே வரித்துறை வைத்திருந்தது. அதில் சுமார் 2,70,000 பேர். தங்கள் பெயர் அதில் இருப்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாததை மறுப்பது எப்படி? 2022-ல் அந்த நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 37 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, குழந்தைக் காப்பக உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று அதே துறை தவறாக முத்திரை குத்திய விவகாரத்தில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு 2021 ஜனவரியில் பதவி விலகியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்கே ‘ரோபோடெட்’ என்று பெயர் வாங்கிய திட்டம், ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப்போட்டு, உதவித்தொகை அதிகம் வாங்கிவிட்டாய் என்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடன் கணக்கு எழுதியது. ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கி, மீதி ஆறு மாதம் உழைத்துச் சம்பாதித்தவர்கூட இந்தக் கணக்கில் ஏமாற்றுக்காரர். 2017-ல் பயனாளி ஒருவர் தான் பட்ட பாட்டைப் பத்திரிகையில் எழுதினார். அவருடைய கோப்பிலிருந்த விவரங்களை அரசுத் தரப்பு ஒரு பத்திரிகையாளருக்குக் கொடுத்தது. மறுப்புக் கட்டுரை அச்சேறியது. சட்டப்படி அந்த வெளியீடு அனுமதிக்கப்பட்டதே என்று தகவல் ஆணையர் அலுவலகம் முடிவு சொன்னது. ஆனால் இத்திட்டத்தை விசாரித்து 2023 ஜூலையில் அறிக்கை தந்த ராயல் கமிஷன், பயனாளிகளின் விவரங்களை ஊடகத்தில் பயன்படுத்தி விமர்சனத்தின் வாயை அடைத்தது அப்போதைய அமைச்சர் ஆலன் டட்ஜின் அதிகார துஷ்பிரயோகம் என்றது. சட்டம் அனுமதித்த ஒன்று அறத்தின் முன் நிற்க முடியாமல் போன இடம் அது.

எதிர்த்தரப்பு வாதம் வலுவானது, அதுவும் நம் நாட்டிலேயே. ரகசியம் என்ற திரைக்குப் பின்னால்தான் பெருந்திருட்டு நடக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் நடந்த பொது விசாரணையில், கூலி வாங்கியதாக எழுதப்பட்டவர்களின் பெயர்களை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரில் பணம் எடுத்தது அம்பலமானது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அந்தக் கூட்டம். அன்று வருகைப் பதிவேட்டைப் ‘பெயர்கள் அந்தரங்கம்’ என்று பூட்டி வைத்திருந்தால் யார் தப்பித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தில் எந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்லும் எட்டாம் பிரிவில் கைவைத்தபோது எழுந்த கவலையும் இதுதான். அந்தக் கவலை நியாயமானது.

ஆனால் கோட் கிரானாவில் கேட்கப்பட்ட கேள்வி, அரசு யாருக்கு எவ்வளவு கொடுத்ததாகக் கணக்கு எழுதியது என்பது. யார் வீட்டில் யார் படுக்கிறார்கள் என்பது அல்ல. கொடுத்த கணக்கு பொதுச் சொத்து; வாங்கியவரின் வாழ்க்கை அப்படியல்ல. தமிழ்நாட்டில் 2020-ல் வெளிவந்த பி.எம். கிசான் மோசடியும் இதையே காட்டுகிறது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தில் தகுதியற்றவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மோசடித் தொகை 110 கோடி என்றது அரசு. அதிகாரிகளுக்கான கடவுச்சொல் தரகர்கள் கைக்கும் கணினி மையங்களுக்கும் போனதுதான் வழி. காக்கப்பட வேண்டிய ஒன்று கசிந்ததால் நடந்த திருட்டு அது. ரகசியம் மோசடிக்குத் துணை போகிறது என்று பேசுகிறவர்கள், ரகசியம் காக்காததால் வந்த இந்த மோசடியை ஏனோ எடுப்பதில்லை.

இனி காசாளரிடம் வருவோம். ஒரே ஆள் ஐம்பது பேரின் கணக்குப் புத்தகத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பணம் எடுப்பதை அவர் கண்டால், பேசாமல் இருப்பது குற்றம். மேலாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஐயத்துக்குரிய பரிவர்த்தனைகளை வங்கிகள் நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவிப்பதற்குச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது, அதுவும் வெளியே கசியாத வழி. அந்தப் பெண்ணின் விஷயம் வேறு. பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்றா? நீதிமன்றம் தீர்த்த ஜீவனாம்ச பாக்கி தவணையாக வருகிறதா? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் அவன் அனுப்புகிறானா? ஒரு கணக்குப் பக்கத்தில் இதற்கெல்லாம் விடை இல்லை. அந்தப் பெண் அவரிடம் காட்டியது வரவு செலவை, வாழ்க்கையை அல்ல. தகுதியைச் சரிபார்க்கக் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். அவர்களுக்கு விவரம் தேவைப்பட்டால் சட்டப்படி வங்கியிடம் எழுதிக் கேட்கட்டும். கேட்காதவரை காசாளர் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியவர், அவ்வளவே.

இதனால் சில சமயம் தகுதியற்றவருக்குச் சில மாதப் பணம் போய்ச் சேரும். போகட்டும் என்று சொல்வது எளிதல்ல. தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் அந்த இன்னொரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்வது இன்னும் கடினம். ஆனால் அவளுக்குப் பணம் வராததற்குக் காரணம் இவள் அல்ல. அவளுடைய மனு ஏதோ ஒரு மேசையில் கிடப்பதுதான்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சந்தேகம் வந்தால் விசாரியுங்கள். அது உங்கள் கடமை. தொகையை நிறுத்துவதற்கு முன், காரணத்தை எழுதி, உறையிலிட்டு, அந்தப் பெண்ணின் கையில் முதலில் கொடுங்கள். இன்று பலரும் தங்கள் பணம் நிறுத்தப்பட்டதை, நாலு பேர் பார்க்க, கைரேகை இயந்திரத்தின் முன் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்கள்.