ஈயம் பூசியும் பூசாமலும்

"ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும்" என்று நம்மிடையே ஒரு சொலவடை உண்டு. இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறவனைக் கேலி செய்யும் வார்த்தை அது. 'பூசி மெழுகுகிறான்' என்றாலும் வசவுதான். பூச்சு என்றாலே பொய் என்று நம் மொழி ஏதோ ஒரு காலத்தில் தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே என் கேள்வி.

கதை எழுதிக் களைத்த இரவுகளில் நான் சிறு விமானங்கள் செய்வது வழக்கம். இப்போது மேஜைமேல் இருப்பது அமெரிக்க எப்-86 சேபர் ஜெட். 1947-ல் முதன்முதலாகப் பறந்து, 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் மிக்-15 விமானங்களோடு மோதிய ஜாதி. அசலில் 48-ல் ஒரு பங்கு. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம். அந்த விமானங்களில் பல, வர்ணம் ஏதுமின்றி, வெறும் உலோகப் பளபளப்போடு பறந்தவை. என்னுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பச்சையோ சாம்பல் நிறமோ பூசுகிற விமானம் என்றால் பாதி வேலைதான். இணைப்பில் சிறு பள்ளமிருந்தால் வர்ணம் மன்னித்துவிடும். உலோக வர்ணம் மன்னிக்காது. தலைமயிர் அகலக் கீறலைக்கூட ஊரறியச் சொல்லிவிடும். ஆகவே பட்டி பார்த்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, அதைவிட நைஸான தாளால் மறுபடி தேய்த்து, கண்ணாடி போன்ற கறுப்பு வர்ணத்தை அடியில் கொடுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு அலுமினிய வர்ணத்தைப் புகைபோல மெல்லியதாக ஊதவேண்டும். தகட்டுக்குத் தகடு பளபளப்பு மாறும். வால்புறத்தில் சூட்டில் பழுத்த நிறம் காட்டவேண்டும். வர்ணமே பூசவில்லை என்று தோன்றுவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக வர்ணம் செலவாகிறது!

"பிளாஸ்டிக்கை அலுமினியம் என்கிறீர்கள். பூசிவிட்டுப் பூசவில்லை என்கிறீர்கள். இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்வி.

அசல் விமானத்தின் கதையைப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1944-ன் தொடக்கத்திலிருந்து அமெரிக்கப் போர் விமானங்கள் பல வர்ணமில்லாமலே தொழிற்சாலையை விட்டு வந்தன. எடை குறையும், செலவு குறையும், வேகம் சற்றுக் கூடும். ஆனால் அவற்றில் பேர்பெற்ற மஸ்டாங் விமானத்தின் இறக்கை, தகட்டு இணைப்புகளில் பட்டி அடைத்து, தேய்த்து, வெள்ளி வர்ணம் பூசியது! காற்று வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக. போகட்டும், மற்ற இடங்களாவது வெறும் உலோகம்தானே? அதுவும் முழு உண்மையல்ல. விமானத் தகடு வலிமைக்காகச் செம்பு கலந்த அலுமினியம். அது எளிதில் அரித்துப்போகும். ஆகவே அதன் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோல்போல ஒட்டவைத்து உருட்டுகிறார்கள். நிர்வாணம் என்று நாம் நினைத்தது ஓர் ஆடை.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரமும் இப்படித்தான். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி ரசம் வைத்தால் களிம்பு ஏறும்; உண்டவர் வயிறு கெடும். அங்கே பூச்சு வஞ்சனையா, காவலா?

ஆகவே 'பூச்சு உண்டா, இல்லையா' என்று கேட்பதில் பயனில்லை. பூச்சில்லாத மனிதன் இல்லை. 'நான் மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவன்' என்று மார்தட்டுகிறவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெளிப்படையும் பலமுறை தேய்த்து மெருகேற்றிய வெள்ளி வர்ணம்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பூச்சை நம்பி யாராவது பாரம் வைத்து, விழப்போகிறார்களா?

வீட்டில் அரிசி இல்லாத நாளிலும், தைத்த புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, "சௌக்கியமாக இருக்கிறோம்" என்கிறாள் ஒரு தாய். அவள் பூச்சினால் யாருக்கும் நஷ்டமில்லை. அவளுடைய மானம் அரித்துப்போகாமல் நிற்கிறது. பிள்ளையின் தீராத நோயை மறைத்துப் பெண் கேட்கப் போகிறார் ஒரு தகப்பனார். அவரும் அதே கஞ்சி போட்ட வேட்டியில்தான் போகிறார். ஆனால் அங்கே ஒரு பெண் தன் ஆயுளையே அந்தப் பூச்சின்மேல் ஏற்றிவைக்கப் போகிறாள். இரண்டையும் ஒரே சொல்லால் வைதால் நம் தராசு கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

என் மனைவிக்கு இந்த அளவில் பதில் சொல்லிவிடலாம். இந்தப் பொம்மையின்மேல் ஏறி யாரும் பறக்கப்போவதில்லை. கதையும் அப்படியே, பொய் என்று தெரிந்துதான் வாசகர் கையில் எடுக்கிறார்.

ஆனால் அந்தப் பதிலோடு என்னால் நிறுத்த முடியவில்லை. சேபரின் மூக்கில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. அது மனிதரைக் கொல்லச் செய்த யந்திரம். அதை வெள்ளிக் குத்துவிளக்குபோல் துலக்கி அலமாரியில் வைத்தால், பார்க்கிற குழந்தை 'எவ்வளவு அழகு!' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். பிளாஸ்டிக்கை அலுமினியம் என்பது சின்னப் பொய். கொலைக் கருவியை வெறும் அழகு என்பதுதான் பெரிய பொய். அந்தப் பூச்சின்மேல் ஒரு தலைமுறை தன் பாரத்தை வைக்கக்கூடும்.

ஆகவே துப்பாக்கித் துளைகளை அடைக்காமல், சுட்டுக் கறுத்த கரியையும் அங்கே தீட்டிவிடுகிறேன். பளபளப்பு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. குழந்தை, "இது ஏன் கறுப்பாயிருக்கிறது?" என்று கேட்கும். பூச்சு நேர்மையானதா என்பதற்கு எனக்குத் தெரிந்த கடைசிச் சோதனை அதுதான்: அது கேள்வியை மூடுகிறதா, கேட்க வைக்கிறதா?