நன்றி யாருடைய கடமை?

பலனை எதிர்பாராமல் தொண்டு செய்ய முன்வந்தவரின் உள்ளத்திலும் என்றேனும் ஒரு நாள் ஒரு கேள்வி எழுகிறது: ‘நான் செய்வதை யாராவது கவனிக்கிறார்களா?’ எழுந்த மறுகணமே அவர் கூசுகிறார். ‘இது அகங்காரம் அல்லவா? தொண்டனுக்கு இந்த எண்ணம் தகுமா?’ என்று தம்மையே கடிந்துகொள்கிறார். இவ்வாறு மனத்தாங்கலுடன், அது எழுந்ததற்கான குற்ற உணர்வும் சேர்ந்து துன்பம் இரட்டிப்பாகிறது.

இந்த மனத்தாங்கல் உண்மையில் அகங்காரம்தானா? சற்று ஆராய்வோம்.

பெயர் தெரியாத கைகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த மலைக்கிராமம் வட்டவடை. தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர் அது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமப்படுத்திய நிலங்களில் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவை விளைகின்றன. காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி 2022-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதனால் ஊரின் பெயர் நிலைபெற்றது. ஆனால் ஒவ்வோர் அறுவடையிலும் நல்ல பூண்டை விற்றுவிடாமல், அடுத்த பருவத்தின் விதைக்கென்று எடுத்துவைத்த முன்னோர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அதே மலையில் பள்ளிப் பிள்ளை ஒருவர் கணினியின் முன் அமர்கிறார் என்று கொள்வோம். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைச் சார்ந்தே நடந்துவருகிறது. கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் பயன்படுத்தலாம், எவரும் ஆராய்ந்து திருத்தலாம் என்ற உரிமையுடன் பொதுவில் வைக்கப்படுவது. அதில் பெரும் பகுதியைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றி எழுதியிருக்கிறார்கள். திரையில் தமிழில் தம் பெயரை எழுதிப் பார்த்து மகிழும் அந்தப் பிள்ளைக்கு, அந்த எழுத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்பது தெரியாது. விதைப்பூண்டைக் காத்தவரும் எழுத்தைக் கொண்டுவந்தவரும் இவ்வகையில் ஒரே குலத்தவர்.

அதிராம்பட்டினத்து உமர்தம்பியை நினைத்துப் பார்க்கலாம். கணினிகளில் யுனிகோடு முறையில் தமிழைப் படிப்பதும் எழுதுவதும் கடினமாக இருந்த காலத்தில், ‘தேனீ’ எழுத்துருக்களையும் தமிழில் எழுதுவதற்கான கருவிகளையும் உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாக அளித்தவர் அவர். 2006-ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார். 2010-இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில், தமிழ் இணைய அரங்குகளில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தக்க மரியாதைதான். ஆயினும் அரங்கின் வாயிலில் அந்தப் பெயரைப் படிக்க அவர் இல்லை.

எளிதாகக் கிடைக்கும் அறிவுரை

‘என்னை யாரும் கவனிப்பதில்லை’ என்று ஒரு தொண்டர் வாய்விட்டுச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்று உபதேசிக்கிறோம். அறிவுரை உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அதைச் சொல்பவர் யார்? அநேகமாக, அந்தத் தொண்டரின் உழைப்பால் பயன் பெற்றவர்! அதாவது, நன்றி சொல்லவேண்டியவரே, ‘நன்றியை எதிர்பாராதே’ என்று போதிக்கிறார். கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவரிடம் சென்று பற்றின்மையின் பெருமையை விளக்குவது போன்றது இது.

நம் அறநூல்களை இங்கே கவனமாகப் படிக்கவேண்டும். ஒவ்வோர் உபதேசத்துக்கும் ஒரு முகவரி உண்டு. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வது செயலில் நிற்கும் அர்ஜுனனிடம். அது செய்பவனுக்கான உபதேசம். திருவள்ளுவரோ ‘செய்ந்நன்றியறிதல்’ என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அது உதவியைப் பெற்றவரின் கடமையைப் பேசுகிறது. அந்தக் கீதையே மூன்றாம் அத்தியாயத்தில், பெற்றதைத் திருப்பி அளிக்காமல் தானே அனுபவிப்பவனைத் திருடன் என்று கடிந்துரைக்கிறது. ஆக, இரு நூல்களுக்குமிடையே முரண்பாடு இல்லை. செய்பவருக்கு எழுதிய கடிதத்தைப் பெறுபவர் பிரித்து, அதைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளும்போதுதான் முரண்பாடு பிறக்கிறது.

நிஷ்காம கர்மம் என்பது தானே விரும்பி ஏற்கும் சாதனை. ஒருவர் உபவாசம் இருப்பது தவம். அடுத்தவருக்கு உணவளிக்காமல் இருந்துவிட்டு, ‘உபவாசம் நல்லது’ என்று சொல்வது தவம் ஆகுமா?

கவனிக்காமையின் விளைவு

இது மென்மையான உணர்வுகளைப் பற்றிய சிறு பிரச்சினை என்று சிலர் எண்ணலாம். 2024-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தைத் தகர்த்தது.

கோப்புகளைச் சுருக்கிவைக்க உதவும் ‘எக்ஸ்-இசட்’ என்ற மென்பொருள், உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் மறைவாக இயங்குகிறது. அதைப் பல ஆண்டுகள் பராமரித்துவந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர். வேலை மெதுவாக நடக்கிறது என்று குறைகூறிக் கடிதங்கள் வந்தன. 2022-இல் அவர், தமக்கு நீண்டநாள் மனநலத் துன்பம் இருப்பதையும், இது ஊதியமில்லாமல் செய்யும் பணி என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். அவருடைய பாரத்தைப் பகிர்ந்துகொள்ள, நண்பர்போல் ஒருவர் முன்வந்தார். ஈராண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் உழைத்து நம்பிக்கையைப் பெற்ற அந்த நபர், இறுதியில் மென்பொருளுக்குள் ஒரு கள்ளவாயிலை ஒளித்துவைத்தார். கணினியில் நுழையும்போது ஏற்பட்ட அரை வினாடித் தாமதத்தை ஒரு பொறியாளர் கவனித்து ஆராய்ந்ததால், பெருந்தீங்கு நிகழுமுன் அது வெளிப்பட்டது.

பயன் பெற்றவர்கள் கோடிக்கணக்கானோர். ‘சோர்ந்திருக்கிறேன்’ என்று அந்தத் தொண்டர் சொன்னபோது நிலையாகத் தோள்கொடுத்தது ஒரு வஞ்சகக் கை மட்டுமே. ஒரு தொண்டரைக் கவனியாமல் விடும் சமூகம் அவரை மட்டுமா இழக்கிறது? தன் வீட்டுக் கதவையும் திறந்து போட்டுவிடுகிறது.

தொண்டருக்கு ஒரு சொல்

அப்படியானால் தொண்டர் நன்றியைக் கேட்டுப் பெறவேண்டுமா? இங்கே நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. பிறரைவிட நான் பெரியவன் என்று ஊர் சொல்லவேண்டும் என விரும்புவது புகழாசை. அதற்கு எல்லை கிடையாது. எவ்வளவு ஊட்டினாலும் அதன் பசி அடங்காது. ‘நான் செய்தது போய்ச் சேர்ந்ததா? பயன்பட்டதா? தவறு இருந்தால் யாராவது சொல்வார்களா?’ என்று அறிய விரும்புவது வேறு. அது செயலின் மீதுள்ள அன்பு. அனுப்பிய திருத்தத்துக்கு மாதக்கணக்கில் பதில் வராதபோது ஒருவர் வருந்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது காரணத்தால்தான். இதற்காக அவர் குற்ற உணர்வு கொள்ளவேண்டியதில்லை.

இரண்டில் எது தம் உள்ளத்தில் இருக்கிறது என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அதே வேலையை மற்றொருவர் நம்மைவிட நன்றாகச் செய்து முடித்தால் நமக்கு மகிழ்ச்சி ஏற்படுகிறதா? ஏற்பட்டால், நம் வருத்தம் செயலைப் பற்றியது. பொறாமை எழுந்தால், கீதையின் உபதேசம் நமக்கே உரியது; பணிவோடு ஏற்றுக்கொள்வோம். எவ்வாறாயினும், களைத்தபோது ‘என்னால் இப்போது இயலவில்லை’ என்று சொல்வது தொண்டுக்கு இழுக்கு அல்ல.

ஒரு சிறிய வழி

பெறுபவர் தம் கடமையை எப்படிச் செய்வது? விருதும் விழாவும் தேவையில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் ஓர் எளிய வழியைக் காட்டியுள்ளது. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரத்தின் முயற்சியில், பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மின்னூல்களாக அனைவருக்கும் வழங்கிவருகிறார்கள். அந்நூல்களைத் திறந்தால், மூலத்துக்கு முன்பாகச் சில வரிகள் காணப்படும். தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று அவை கூறும். புகழுரை இல்லை, உண்மை மட்டுமே இருக்கிறது. அந்த ஓரிரு வரிகளுக்குச் செலவு ஏதுமில்லை.

நம் அமைப்புகளிலும் விழா மேடைக்கு வராத அன்பர்கள் இருக்கிறார்கள். அன்னதானப் பாத்திரங்களைத் துலக்குபவர், பத்திரிகை உறைகளில் முகவரி ஒட்டுபவர், அச்சுப்பிழை பார்ப்பவர், அலுவலகக் கணினியைப் பழுதுபார்த்துத் தருபவர் எனப் பலர். அவர்கள் பலனை எதிர்பாராமல் செய்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய சாதனை. அதைக் காரணம் காட்டி நாம் மௌனமாக இருந்துவிட முடியாது. இந்த வாரம் அவர்களுள் ஒருவரையேனும் பெயர் சொல்லி அழைத்து, ‘நீங்கள் செய்தது இன்னவிதத்தில் பயன்பட்டது’ என்று கூறுவோம். ‘களைப்பாக இருக்கிறதா? நான் எதையாவது பகிர்ந்துகொள்ளட்டுமா?’ என்றும் கேட்போம்.