அணுவும் ஆணவமும்

சைவ சித்தாந்தம் உயிரைக் குறிக்க ஆளும் 'அணு' என்னும் சொல்லையே இயற்பியலும் தமிழில் ஆள்கிறது. எங்கும் பரந்து நிற்கும் இயல்புடைய உயிரை அணுவளவினதாகச் சுருக்கிக் காட்டும் மூலமலம், அவ்வாறு அணுத்தன்மை தருவதாலேயே ஆணவம் எனப் பெயர் பெற்றது. பேச்சு வழக்கில் செருக்கைக் குறிக்கும் இச்சொல் சாத்திர வழக்கில் சுருக்கத்தைக் குறிப்பதால், தன்னைப் பெரிதென எண்ணும் எண்ணமே உயிரைச் சிறிதாக்குகிறது என்று இவ்விரு வழக்கையும் இணைத்துப் படிக்கலாம். அணு ஆயுதம் ஏந்திய நாடு அதனால் விரிகிறதா, சுருங்குகிறதா என்னும் வினாவை இந்த இலக்கணத்தைக் கொண்டு ஆராய இடமுண்டு.

இவ்வினாவுக்கு ஏற்ற புராணம் திருவண்ணாமலைக்கு உரியது. யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் பூசலிட்டபோது சிவன் அடிமுடி காணவியலாத அழற்பிழம்பாய் எழுந்தார் என்றும், பன்றியாய் நிலத்தை அகழ்ந்த திருமால் அடியைக் காணவில்லை என ஒப்புக்கொள்ள, அன்னமாய்ப் பறந்த பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி முடியைக் கண்டதாகக் கூறினார் என்றும் அப்புராணம் சொல்லும். பிரமனுக்குக் கோயில் வழிபாடு அற்றுப்போனதற்கும், சிவபூசையில் தாழம்பூ விலக்கப்பட்டதற்கும் இந்தப் பொய்யே காரணமாகக் கூறப்படுகிறது. தோல்வி இருவருக்கும் பொதுவாயிருக்க, தண்டனை ஒருவருக்கு மட்டுமே வந்தது என்பதிலிருந்து, எல்லை காணாமை அங்கே குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பது விளங்கும்.

தெற்காசியாவின் அணு ஆயுதப் போட்டியும் முடி காணாத ஏற்றமாகவே அமைந்தது. 1962 போரில் இந்தியாவை வென்ற சீனா, 1964 அக்டோபர் 16 அன்று லோப் நோரில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. இந்தியா 1974 மே 18 அன்று பொக்ரானில் நிகழ்த்திய சோதனையை அமைதிக்கான வெடிப்பு என்று அறிவித்தது. 1971 போரில் தன் கிழக்குப் பகுதியை இழந்திருந்த பாகிஸ்தான் அதற்கு முன்பே, 1972 தொடக்கத்தில், அணு ஆயுத முயற்சியைத் தொடங்கிவிட்டது. 1998 மே 11, 13 ஆகிய நாட்களில் 'சக்தி' என்ற பெயரில் இந்தியா மீண்டும் சோதனை நடத்த, மே 28, 30 ஆகிய நாட்களில் பாகிஸ்தான் பலுசிஸ்தானில் பதிலளித்தது. மே 11 சித்திரை மாதத்துப் பௌர்ணமி. அண்ணாமலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர் பாதையில் கிரிவலத்துக்கு உரிய நாள். ஒரு நாடு தன் முயற்சியின் முடி எனக் கண்ட இடம் அண்டை நாட்டின் முயற்சிக்கு அடியாக மாறியதே இவ்வரலாற்றின் சாரம்.

வெளியுறவுக் கொள்கையில் இதன் விளைவு முதலில் சுருக்கமாகவே வெளிப்பட்டது. சீனாவைப் பெயர் சுட்டாமல் காரணமாகக் காட்டி, பிரதமர் வாஜ்பாய் அமெரிக்க அதிபர் கிளிண்டனுக்கு எழுதிய கடிதம் வெளியானதால் பெய்ஜிங்குடனான உறவு கசந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் பொருளாதாரத் தடைகளை விதித்தன. காஷ்மீர் இரு நாடுகளுக்கு இடைப்பட்ட சிக்கல் மட்டுமே என்று இந்தியா நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்க, ஐ.நா. பாதுகாப்பு அவை 1998 ஜூன் 6 அன்று நிறைவேற்றிய 1172ஆம் தீர்மானம் அதையும் குறிப்பிட்டது. மறு ஆண்டு கார்கில் போரில், கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டைக் கடக்கக் கூடாது என்ற ஆணைக்கு உட்பட்டே இந்திய விமானப்படை இயங்கியது. ஆயுதம் கூடிய பின் அதைப் பயன்படுத்தும் வெளி குறைந்தது.

பின்னர் விரிவும் வந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1974 சோதனையின் எதிர்விளைவாகத் தோன்றிய அணுசக்தி விநியோக நாடுகள் குழுவே 2008 செப்டம்பர் 6 அன்று இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. சீனாவின் எழுச்சியைப் பற்றிய அமெரிக்கக் கணக்கு அதற்கு ஒரு காரணம். ஆயினும் மேலும் சோதனை செய்வதில்லை என்ற உறுதியும், குடிமைப் பயன்பாட்டுக்குரிய உலைகளைப் பிரித்துச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்க இசைந்ததும் அவ்விலக்குக்கு ஆதாரமாயின. எல்லையை ஏற்ற இடத்திலேயே வெளி விரிந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1967க்கு முன் வெடித்தவர்களை மட்டும் ஆயுத நாடுகளாக ஏற்கும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் நடுநிலையானதன்று. 1994இல் புடாபெஸ்ட் உடன்பாட்டை நம்பித் தன் மண்ணிலிருந்த ஆயுதங்களைக் கைவிட்ட உக்ரைன், உறுதியளித்த ரஷ்யாவாலேயே தாக்கப்பட்டது. அச்சத்துக்குக் காரணம் இருக்கையில் துறவு பேசுவது எளிது என்பர். சித்தாந்தமும் துறவை அவ்வளவு எளிதாகப் பேசுவதில்லை. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு அநாதியே உள்ளது என்றும், முத்தியிலும் அது அழியாமல் அதன் சத்தி மட்டுமே மடங்கும் என்றும் அது கூறும். அணுவைப் பிளக்கும் அறிவும் மனித குலத்தினின்று இனி அகலாது; அதன் சத்தி எவ்வாறு மடங்கும் என்பதே எஞ்சும் வினா.

அவ்வினாவுக்கு அரசுகள் தரும் விடையான தடுப்பாற்றல் என்பது, தாங்கவியலாத பதிலடி வரும் என்ற அச்சத்தால் எதிரியைத் தாக்கவிடாமல் நிறுத்துதல். 2003 ஜனவரி 4 அன்று இந்தியா அறிவித்த கொள்கை அதைக் குறைந்தபட்ச அளவில் நிறுத்தி, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியையும் தந்தது. பாகிஸ்தான் அத்தகைய உறுதியைத் தரவில்லை. ஆனால் ஒருவர் குறைந்தபட்சம் என்பது மற்றவர் கையிருப்பைப் பொறுத்து உயருமாயின், அதுவும் முடி காணாத தேடலே ஆகும். இதனினும் சிறியதொரு நடைமுறை கவனத்துக்கு உரியது. அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான உடன்பாட்டின்படி, இரு நாடுகளும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் புதுதில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே வேளையில் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பின்னும் இவ்வழக்கம் நின்றுபோகவில்லை. தாக்கப்படக் கூடாத தன் இடங்களை எதிரியிடமே எழுதிக் கொடுக்கும் இச்செயல், அடியைக் காணவில்லை என்று திரும்பி வந்து சொன்ன திருமாலின் சொல்லுக்கு நெருங்கியது.

சிவாலயங்களில் கருவறையின் பின்புறக் கோட்டத்தில் நிற்கும் லிங்கோத்பவர் சிற்பத்தில், தூணின் பிளவிலிருந்து தோன்றும் இறைவனின் அடியும் முடியும் காட்டப்படுவதில்லை. கீழே பன்றியும் மேலே அன்னமும் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன. பொய் சொன்ன அன்னத்தையும் சிற்பி அக்கோட்டத்திலிருந்து நீக்கிவிடவில்லை.