யாருடைய வினை?

மும்பைப் பரேலில் 1941ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு, தாராவியிலோ செம்பூரிலோ உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டு சிகிச்சைக்காக வந்துபோகும் நம் தமிழரிடம் பேச்சுக் கொடுத்தால், "அப்பாவுக்கும் இதே வயிற்றுப் புற்றுதான்; போன ஜன்மத்துப் பாவம், குடும்பத்தை விடமாட்டேன் என்கிறது" என்ற சொல்லைக் கேட்க நேரும். ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு எண்ணங்கள் அந்தச் சொல்லில் பிணைந்து கிடக்கின்றன.

வினை செய்தவனே அதன் பயனை நுகர்வான் என்பது கர்ம சித்தாந்தத்தின் உயிர்நிலை. பாரம்பரியமோ, தந்தையிடம் இருந்ததை, தான் ஏதும் செய்யாத பிள்ளை பெற்றுக்கொள்வது. மாதுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் வாழ்ந்த அம்பேத்கர், தாம் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலில் இம்முரண்பாட்டை விசாரித்து, முற்பிறவிக் கர்மக் கொள்கைப்படி குழந்தை பெற்றோரிடமிருந்து உடலொன்றையே பெறுகிறதென்றும், விஞ்ஞானம் அதற்கு மாறாகச் சொல்கிறதென்றும் காட்டினார். வியாதியோ அந்த உடலையே சேர்ந்தது. நுகர்வதெல்லாம் பழவினையின் பயன்தானா என்று கேட்ட மோளியசீவகன் என்பவனுக்குப் புத்தர், பித்தத்தாலும் சிலேத்துமத்தாலும் வாதத்தாலும் பருவ மாறுதலாலும்கூட வேதனை உண்டாகும் என்றும், கர்மம் அவற்றோடு எண்ணத்தக்க ஒரு காரணமே என்றும் விடையளித்தார்.

1998இல் நியூசிலாந்து மாவோரிக் குடும்பமொன்றில், தலைமுறை தலைமுறையாக இளவயதினரையும் பலிகொண்ட இரைப்பைப் புற்றுக்கு சி.டி.எச்.1 என்னும் மரபணுவின் பழுதே மூலம் என்று கண்டார்கள். செல்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் புரதத்துக்கு ஆதாரமான அம்மரபணு பழுதுற்ற தாயோ தந்தையோ அப்பழுதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தகைய குடும்பங்கள் அரியன. இந்தியாவில் இந்நோய் மிகுந்த மிசோரமில் புகையூட்டிய இறைச்சியையும் புகையிலைப் புகை ஏற்றிய நீரையும் ஆராய்ச்சியாளர் மரபணுக்களோடு சேர்த்தே நோக்குகின்றனர். மும்பையைவிடச் சென்னையில் இது அதிகம் என்பதைப் பதிவேடுகள் நெடுங்காலமாகக் காட்டிவருகின்றன. இந்நோய்க்கு வழிவகுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்து தொற்றுவது. தாராவியில் ஒற்றை அறையில், ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்து, ஒரு தட்டில் கைவைத்து வளரும் உடன்பிறப்புகளுக்கு அக்கிருமி பொதுச்சொத்தாகிவிடுகிறது. ஆகவே குடும்பத்தில் வருவதெல்லாம் ரத்தத்தில் வருவதன்று. கிருமியை இரண்டு வாரத்து மாத்திரைகளால் பெரும்பாலும் ஒழித்துவிடலாம்.

அந்த உடலில் வந்து பிறக்கும்படி உயிரைச் செலுத்தியது அதன் வினையல்லவா, உடல், கருவி, உலகு, நுகர்ச்சி என்னும் தனு கரண புவன போகங்களை வினைக்கேற்பக் கூட்டுகிறவன் இறைவனல்லவா என்று சைவர் ஒருவர் கேட்கக்கூடும். அதை மறுக்க நான் துணியேன். ஆயினும் அக்கணக்கு உயிருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. நோயாளியின் கட்டிலருகே நின்று அதைப் படித்துச் சொல்லும் அதிகாரத்தை அயலாருக்கு எந்தச் சாஸ்திரமும் தரவில்லை. அந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சித்தான், பெண்ணின் கல்யாணம் தட்டிப்போகுமென்று வியாதியின் பெயரையே வீட்டுக்குள் மறைத்துவிடுகிறார்கள். ஊரிலிருக்கும் சொந்தத் தம்பிக்கும் தெரிவதில்லை. இப்பிறவியில் நுகரும் பழவினையாகிய பிராரப்தத்தைச் சொன்ன பெரியோர், இனிச் செய்யும் வினையாகிய ஆகாமியத்தையும் சொல்லித்தான் வைத்தார்கள். "அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது, தம்பி, நீயும் டாக்டரிடம் சொல்லி ஒருதரம் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்" என்று அண்ணன் வாய்திறந்து சொல்வது அந்த ஆகாமியத்தைச் சேர்ந்தது.