எல்லைக்கு வெளியே செத்தவர்கள்

அம்மாவின் எலும்பை மணிமுத்தாற்றில் கரைத்தபோது, அது கூழாங்கல்லாகி அடியில் தங்கிவிடும் என்றார் அய்யர். விருத்தாசலத்தில் உயிர் போகிறவர்களின் தலையை விருத்தகிரீசுவரர் தன் மடியில் வைத்துக்கொள்வார், அம்பாள் முந்தானையால் விசிறுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காசியைவிட வீசம் அதிகப் புண்ணியமாம். நான் நம்புகிறவன்.

போன மாசியில் மங்கலம்பேட்டையிலிருந்து நானும் பாயும் வண்டியில் கிளம்பினோம். செராமிக் பேட்டையில் முப்பது வருடம் ஒரே சூளையில் வெந்தவர்கள் நாங்கள். பழைய சண்டை நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

முதலில் விருத்தாசலம் கோயில் மதில். 1751இல் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் இதற்குள்தான் காவல் இருந்தார்கள். அவர்களுக்குத் துணை கொண்டுவந்தவர்களில் ராபர்ட் கிளைவ் ஒருவர். திரும்பும் வழியில் பாளையக்காரர் ஆட்கள் பாய்ந்ததில் கூட வந்த சிப்பாய்கள் சிலர் செத்தார்கள். பிறகு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம். 1781 ஜூனில் அந்தக் கோயிலுக்குள் மைசூர் ஐதர் அலியின் படை. வெளியே மோதித் தோற்றது கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படை. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டைப் பக்கம் கூட் ஜெயித்தார்.

பரங்கிப்பேட்டைக் கரையில் துஆ ஓதி முடித்த பாய் கேட்டார்: "அண்ணே, கிளைவோட வந்து செத்தானே, அந்தச் சிப்பாய்க்கு உங்க சாமி மடி உண்டா? ஊர் எல்லையைத் தாண்டியில்ல செத்திருக்கான்."

எல்லை எனக்குப் பெரிதாகப்படவில்லை. அவனும் யாரையாவது கொன்றிருப்பானே, அதுதான் உறுத்தியது. கூலிக்குச் சுட்டவன். கொன்ற கையோடு மடியில் சாயலாமா? வெந்த மண் மறுபடி குழையாது. அது சூளைக்காரனுக்குத் தெரியும். செய்த கொலையும் அப்படித்தான். ஆனால் வெந்து உடைந்த சில்லை நாங்கள் எறிவதில்லையே! பொடித்துப் புது மண்ணில் கலப்போம். காயும்போது விரிசல் குறையும். முக்தி என்றால் கறையைத் துடைப்பது என்று நினைத்திருந்தேன். கறையோடு சேர்த்துக்கொள்வதாகவும் இருக்கலாம். செத்தவன் எந்தப் படை என்று பட்டியல் பார்க்கிற சாமியாக இருந்தால், என் அம்மாவை அதன் மடியில் விட எனக்கு மனசு வராது.

தர்ப்பணத்தின் கடைசியில், தாய் தகப்பன் உறவு என்று யாருமில்லாதவர்களுக்காக ஒரு முறை எள்ளும் தண்ணீரும் விடச் சொல்வார்கள். அதை எப்போதும் அவசரமாகவே விட்டிருக்கிறேன். இந்த ஆடி அமாவாசையில் அய்யரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.

பாய் கரையில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த ஆளுக்கு விட்டாச்சா?" என்றார்.

"ஐதர் ஆளுங்களுக்கும்" என்றேன்.