சிவன் சொத்தும் நமது கணக்கும்



"சிவன் சொத்து குல நாசம்" என்று நம் பெரியோர் சொல்லி வந்தனர். இதைக் கேட்கும்போது உண்டியலில் கைவைக்கும் திருடனையே நாம் நினைத்துக்கொள்கிறோம். அத்தகையவர் நம்மிடையே இல்லை என்று நிம்மதியும் அடைகிறோம். இந்த எச்சரிக்கை உண்மையில் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சுவாமிகள் பாடிய பெரியபுராணத்தில் கோட்புலி நாயனார் வரலாறு இருக்கிறது. திருநாட்டியத்தான்குடியில் வாழ்ந்த இவர் சோழ மன்னரின் சேனாதிபதி. பெற்ற பொருளைக் கொண்டு நெல் வாங்கி, சிவபெருமானின் திருவமுதுக்கென்று சேர்த்து வைத்தார். போருக்குப் புறப்பட்டபோது, அதைத் தொடக்கூடாது என்று சுற்றத்தாருக்கு ஆணையிட்டுச் சென்றார். பஞ்சம் வந்தது. பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணிச் சுற்றத்தார் அந்நெல்லை எடுத்து உண்டனர். திரும்பி வந்த நாயனார் அனைவரையும் வாளால் வெட்டினார். நெல்லை உண்ணாத கைக்குழந்தையையும், உண்டவளின் பாலைக் குடித்தது என்று சொல்லி விட்டுவைக்கவில்லை.

இறந்தவர்களும் நற்கதி அடைந்தனர் என்றே வரலாறு முடிகிறது. ஆயினும் ஞாயிறு வகுப்பில் இதைச் சொல்லப் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. பசித்தவன் உண்டது பாவமா? 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தஞ்சம் புகுந்தனர். அப்படிப்பட்ட வேளையில் கோயில் அரிசியைப் பொங்கிக் கொடுப்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மனிதருக்குக் கொடுப்பது இறைவனைச் சேரும் என்பதே திருமூலர் காட்டிய வழியும் ஆகும்.

அப்படியானால் எச்சரிக்கை எங்கே இருக்கிறது? அந்தச் சுற்றத்தார் கெட்டவர்கள் அல்லர். களவு செய்கிறோம் என்று அவர்கள் நினைக்கவில்லை, கடன் வாங்குகிறோம் என்றே நினைத்தார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த இடம் நன்கு விளங்குகிறது. "தற்காலிகமாக எடுக்கிறோம்" என்ற சொல்லில்தான் பெரும்பாலான முறைகேடுகள் தொடங்குகின்றன. நல்லவர்களே அதைச் சொல்கிறார்கள் என்பதால் யாரும் தடுப்பதில்லை. ராஜகோபுரத்துக்கென்று வந்த பணம் மண்டப வாடகைக்குப் போகிறது. அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்கிறோம். அடுத்த மாதத்துக்கும் ஒரு செலவு காத்திருக்கிறது.

நம் முன்னோர் இதற்கு வாளை விடச் சிறந்த வழி கண்டிருந்தனர். காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு நிற்க முடியாது என்று அவை விதிக்கின்றன. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. கோட்புலியார் சுற்றத்தாரைத் தண்டித்தார். உத்திரமேரூர்ச் சபையோ சுற்றத்தாரையும் சேர்த்துப் பொறுப்பாக்கியது.

அமெரிக்காவில் இலாப நோக்கற்ற சங்கங்கள் பொதுவாக ஆண்டுதோறும் படிவம் 990 சமர்ப்பிக்க வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அரசு நம்மைக் கேட்கவில்லை என்றால், நாமே நம்மைக் கேட்டாக வேண்டும். ஒரு நோக்கத்துக்காகத் தந்த பணத்தை வேறொன்றுக்குச் செலவிட நேர்ந்தால், அதைப் பொதுச்சபையில் சொல்லி, கொடுத்தவரின் சம்மதம் பெற்று, கணக்கில் எழுதிவிட்டுச் செய்யலாம். பசித்தவருக்குச் சோறு போடுவதையும் அப்படித்தான் செய்ய வேண்டும். கணக்குக் கேட்பவரைப் பொருளாளர் பகைவராக எண்ணத் தேவையில்லை. கேட்பதும் ஒரு திருத்தொண்டுதான்.

நியூ ஜெர்சியில் பிறந்த நம் பிள்ளைகள் சமயத்தை விட்டு விலகிப் போவார்களோ என்று அஞ்சுகிறோம். வெளியிலிருந்து யாரோ வந்து இழுத்துப் போவார்கள் என்பது நம் கற்பனை. கோயிலில் சொல்லும் சொல்லும் நடக்கும் கணக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை அவர்கள் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வாமல் போனால் முதலில் நம்மை நம்புவதை நிறுத்துவார்கள். பின்னர் நாம் கும்பிடும் சந்நிதியையும் நம்ப மாட்டார்கள். குல நாசம் என்று பெரியோர் சொன்னதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே.

திருச்சிற்றம்பலம்.